கடைசி வரிக்குக் கீழே ஒரு காலி வரி

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் ஒரு பாதி எனக்குச் சொல்லப்பட்டது; மறு பாதி நான் இட்டுக்கட்டியது. எந்த இடத்தில் அது முடிந்து இது தொடங்குகிறது என்பதையும் மறைக்கப்போவதில்லை. அந்த இடத்தின் பெயர் பாபநாசம் பஸ் நிறுத்தம். நான் அங்கேதான் இறங்கினேன்.

விஜயதசமி அன்று காலை ஐந்து பத்துக்குத் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் பஸ்ஸில் ஏறினேன். என் தம்பி வீட்டுக் கொலுவுக்குப் போய், சுண்டலும் ரவிக்கைத் துணியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற வழி. விடுமுறைக் கூட்டம். ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அதில் ஒரு லேப்டாப் பை உட்கார்ந்திருந்தது. பைக்குச் சொந்தக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர், "உக்காருங்கம்மா" என்று பையை மடிக்கு மாற்றிக்கொண்டார். பையின் மேல் புதிதாக வைத்த சந்தனப் பொட்டு இன்னும் காயவில்லை. பஸ் பள்ளியக்கிரகாரத்தைத் தாண்டுவதற்குள் மூன்று முறை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நகை ஏதும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்கம்மா. புரோகிராம்" என்றார்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவரை எழுதாமல் விடமாட்டேன் என்று. அவர் பெயரைக் கேட்டேன், சொன்னார். அதை மாற்றி வைத்தியலிங்கம் என்று வைத்திருக்கிறேன். போன் நம்பர் மட்டும் கேட்கத் தோன்றவில்லை. அதற்காகப் பிறகு எவ்வளவு வருத்தப்பட்டேன் என்பது பின்னால் வரும்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் இரண்டு வாரம் போயிற்று. அடித்துப் போட்ட தொடக்கங்களை மறைக்காமல் கீழே வைக்கிறேன்.

காவிரியில் தண்ணீர் வந்து கடைமடை வரை…

(வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதைகள் பத்தில் எட்டு இப்படித்தான் தொடங்கும். மீதி இரண்டு, தண்ணீர் வராமல் தொடங்கும்.)

ஜாவா நிரல் ஒன்றை, அதற்குத் தேவையான புற நூலகங்களோடு சேர்த்து, இயக்கத்தக்க ஒரே கோப்பாக…

(இப்படித் தொடங்கினால் நானே படிக்க மாட்டேன்.)

வைத்தியலிங்கம் வாழ்க்கையில் தோற்றுப்போன

(பொய். பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர், சொந்த வீடு, இரண்டு பிள்ளைகள். நான் யார் அவரைத் தோற்றவர் என்று சொல்ல.)

கடைசியில் தேறியது இதுதான்: வைத்தியலிங்கம் இருபத்து நான்கு வருடமாக ஜாவா சொல்லிக்கொடுக்கிறார், அவர் எழுதிய ஒரு புரோகிராம்கூட வாசற்படியைத் தாண்டி வெளியே போனதில்லை.

இது உண்மை. அவரே சொன்னார். கரும்பலகையில் எழுதியிருக்கிறார், ஆய்வுக்கூடத்தில் ஓட்டிக் காட்டியிருக்கிறார், தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்து ரசித்திருக்கிறார். அவரிடம் படித்தவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஜாவாவை வைத்துத்தான் சோறு தின்கிறார்கள். ஆனால் கணினி தெரியாத ஒரு மனிதர் தன் வேலைக்காகத் திறந்து ஓட்டுகிற மாதிரி ஒன்றை, அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. கேட்டது அவருடைய அக்கா.

3

அக்கா பெயர் அமிர்தம். வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்தமாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர்; குத்தகைக்கு நாலு மா. அந்த ஊர் விவசாயிகள் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்து குழு அமைத்து ஒரு நடவு மிஷின் வாங்கியிருந்தார்கள். குழுத் தலைவர் துரைராசு. மிஷினை ஓட்டுகிறவரும் அவரே.

மிஷின் நடவுக்கு நாற்றைத் தட்டுகளில் பாய் மாதிரி வளர்க்க வேண்டும். பதினைந்து நாளிலிருந்து பதினெட்டு நாளுக்குள் நட்டுவிட வேண்டும். நாள் தாண்டினால் வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மிஷினின் விரல்கள் ஒற்றை நாற்றை எடுக்காமல் கொத்தாகப் பிய்க்கும். வயல் சொட்டையாகிவிடும்.

[இதை முதலில் அடிக்குறிப்பாகக் கதையின் கடைசியில் வைத்திருந்தேன். பிறகு பிடுங்கி இங்கே நட்டேன். ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் தெரியும்.]

போன வருடம் தாளடியில், குறுவைக்கு அடுத்த நடவில், அமிர்தத்தின் நாற்றுக்கு மிஷின் வந்தது இருபத்து நாலாம் நாள். துரைராசு கெட்டவர் இல்லை. ஒரு மிஷின், நாற்பத்து மூன்று போன்கள், ஒரு தலை. யார் அதிகமாகக் கூப்பிடுகிறார்களோ, யார் வயலுக்கே வந்து கத்துகிறார்களோ, அங்கே மிஷின் போகும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அமிர்தத்துக்குத் தம்பியிடம் காட்டுகிற வாய் ஊரில் கிடையாது. கை நடவுக்கு ஆள் தேடி, கிடைக்காமல், பாதி வயலை நடாமலே விட்டுவிட்டார்.

"நீ கம்ப்யூட்டர் வாத்தியார்தானே?" என்று இந்த வருடம் ஆவணியில் போன் செய்தார் அமிர்தம்.

"ஏன்க்கா?"

"யார் நாத்து எத்தனை நாளுன்னு போட்டா, யாருக்கு என்னைக்கு மிஷினுன்னு அதுவே சொல்லாதா?"

"சொல்லும்க்கா. நாம சொல்லிக் குடுத்தா சொல்லும்."

"அப்ப சொல்லிக் குடு. ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்குற."

பத்து நாளில் எழுதிவிட்டார். விதைத்த தேதி, வயல் இருக்கும் இடம், தண்ணீர் பாயும் வாய்க்கால் ஆகியவற்றை ஒரு எக்செல் தாளில் போட்டால், எவர் நாற்று முதிர்கிறதோ அவரை முன்னால் வைத்து, பக்கத்துப் பக்கத்து வயல்களைச் சேர்த்து, தமிழில் ஒரு முறைப் பட்டியல் அச்சாகி வரும். குழுக் கூட்டத்தில் லேப்டாப்பைத் திறந்து ஓட்டிக் காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். துரைராசு மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. ஆனா ஒண்ணு. நீங்க அமிர்தத்தோட தம்பி. உங்க பொட்டியில இருந்து வர்ற லிஸ்ட்டுல உங்க அக்கா பேரு மொதல்ல இருந்தா, நான் நம்புவேன். ஊரு நம்புமா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே மேலே சொன்னார்.

"அதனால நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓடணும். பூர்ணிமா கையால ஓட்டணும். நீங்க பக்கத்துலயே வரக் கூடாது. விஜயதசமி அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு மிஷின் எறங்குது. அதுக்குள்ள லிஸ்ட் வந்தா லிஸ்ட். வரலேன்னா என் வாய்தான் லிஸ்ட்."

பூர்ணிமா குழு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் பெண். பி.காம். முடித்தவள், கெட்டிக்காரி. அமிர்தம் அன்று இரவே விதைத் தேதியைக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டார்: விஜயதசமி அன்று அவருடைய நாற்றுக்குப் பதினேழாம் நாள்.

4

இப்போது தொழில்நுட்பம். பயப்பட வேண்டாம், எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்லப்போகிறேன். எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான்.

நம் வீட்டு அடுக்களையில் உப்பு எங்கே இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. கை தானே போகும். அதே கை வேறு வீட்டு அடுக்களையில் ஒரு ரசம் வைக்கத் திணறும். வைத்தியலிங்கத்தின் புரோகிராமுக்கு அதுதான் நடந்தது. எக்செல் தாளைப் படிக்க அவர் வெளியார் எழுதிவைத்த ஆயத்தப் புரோகிராம் ஒன்றை வாங்கிப் பயன்படுத்தியிருந்தார்; அதை நூலகம், லைப்ரரி என்பார்கள். தமிழில் அச்சிட இன்னொன்று. அவை தங்கள் பங்காளிகள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தன. ஆக ஆறு கோப்புகள். அவருடைய லேப்டாப்பில் அவை எங்கோ ஒரு மூலையில் இருந்தன. எப்போதும் இருந்ததால், இருப்பதையே மறந்துவிட்டிருந்தார்.

முதல் தடவை: புரோகிராமை ஜார் என்கிற ஒற்றை மூட்டையாகக் கட்டி, பென்டிரைவில் கொண்டுபோய்ப் பூர்ணிமாவிடம் கொடுத்தார். அவள் சொடுக்கினாள்.

"நோ மெயின் மேனிஃபெஸ்ட் அட்ரிப்யூட்னு வருது சார்."

மூட்டைக்குள் நூறு தாள் இருக்கலாம். எந்தத் தாளிலிருந்து படிக்கத் தொடங்குவது என்று மேலே ஒரு சீட்டு வைக்க வேண்டும். அந்தச் சீட்டுக்குத்தான் மேனிஃபெஸ்ட் என்று பெயர். வைத்தியலிங்கம் அதில் தொடக்கத்தைக் குறிக்க மறந்திருந்தார். [எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. இரண்டு வாரம் நான் பட்ட பாடும் இதேதான்.]

இரண்டாம் தடவை: சீட்டு வைத்தார். தொடங்கியது. எக்செல் தாளைத் திறக்க வேண்டிய இடத்தில், அந்த நூலகத்தைக் காணோம் என்று நின்றுவிட்டது.

மூன்றாம் தடவை: ஆறு நூலகங்களையும் லிப் என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டரில் போட்டு, ஜாருக்குப் பக்கத்திலேயே வைத்தார். 'வேண்டியதெல்லாம் பக்கத்து ஃபோல்டரில் இருக்கிறது' என்று சீட்டிலும் எழுதினார். பூர்ணிமா சொடுக்கினாள். பட்டியல் வந்தது. சோதனைப் பட்டியல்தான், ஆனாலும் தமிழில், அழகாக, நாற்பத்து மூன்று பெயர்கள். அமிர்தம் அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல சுபமான முடிவு. ஆனால் நடுவில் ஆயுத பூஜை வந்தது.

5

ஆயுத பூஜைக்கு முதல் நாள் நாம் என்ன செய்வோம்? ஒட்டடை அடிப்போம். வேண்டாததைத் தூக்கி எறிவோம். அரிவாளையும் மண்வெட்டியையும் கழுவிப் பொட்டு வைப்போம். பூர்ணிமா அலுவலகத்தைத் துடைத்தாள், பீரோவை ஒழித்தாள், நடவு மிஷினுக்கு வாழைக்கன்று கட்ட ஆள் சொன்னாள். பிறகு கணினி முன் உட்கார்ந்து அதையும் சுத்தம் செய்தாள்.

பூஜை அன்று சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

"சார், ஒரு சந்தேகம். அந்த லிப்புன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சே, அது வேணுமா?"

வைத்தியலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஏம்மா?"

"கிளிக் பண்ணிப் பாத்தேன் சார். உள்ள ஆறு ஃபைல். ஒண்ணும் திறக்கல. திறக்காதது எல்லாத்தையும் எடுத்துட்டேன். குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிட்டேன். பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி உங்க புரோகிராமை ஒரு தடவை பாத்துருவோம்னு பாத்தா, நிக்குது."

அவளைத் திட்ட வாய் வரவில்லை என்றார். உண்மைதான். அவள் செய்ததில் என்ன தப்பு? பண்டிகைக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறவளிடம், குப்பை மாதிரி தெரிகிற ஒன்றைக் கொடுத்து, இதுதான் உயிர் என்று சொல்லாமல் வந்தது யார் குற்றம்?

[இதனால்தான் அடிக்குறிப்புகளைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்தேன். கடைசிப் பக்கத்தில் தனியாக வைத்தால், ஏதாவது ஒரு பண்டிகைக்கு யாராவது ஒரு பதிப்பாசிரியர் துடைத்துவிடுவார்.]

பத்து நிமிடத்தில் அமிர்தம் கூப்பிட்டார்.

"ஏன் தம்பி, ஒண்ணாக் குடுக்கக் கூடாதா? கட்டுச்சோறுன்னா எல்லாத்தையும் சோத்துலயே பிசைஞ்சு கட்டணும். புளிக்காய்ச்சலைத் தனி டப்பாவுல குடுத்தா விட்டுட்டுத்தான் போவாங்க."

வைத்தியலிங்கத்துக்குச் சுருக்கென்றிருந்தது. நூலகங்களைப் பிரித்து, புரோகிராமோடு கலந்து, ஒரே மூட்டையாகக் கட்ட முடியும் என்று அவருக்குத் தெரியும். படித்திருக்கிறார். செய்ததில்லை.

"கட்டித் தரேன்க்கா" என்றார்.

"எப்ப?"

அங்கேதான் சிக்கல். அவருடைய லேப்டாப் பூஜையில் இருந்தது.

6

இந்த இடத்தில் எனக்கும் வைத்தியலிங்கத்துக்கும் சண்டை வந்தது. (பஸ்ஸில் இல்லை; எழுதும்போது.)

சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்கள், மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகள், அவற்றின் மேல் லேப்டாப், அதன் மேல் சந்தனம், பூ. விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி எடுக்கும்வரை தொடக் கூடாது. அவருடைய மனைவி, "அவசரம்னா எடுங்க. சாமி ஒண்ணும் கோச்சுக்காது" என்று சொன்னாராம். இவர்தான் மாட்டேன் என்றிருக்கிறார். இருபத்து நான்கு வருடத்தில் ஒரு முறைகூடத் தொட்டதில்லையாம்.

முதல் வரைவில் நான் அவரை எடுக்கவைத்தேன். இப்படி: சாயங்காலம் ஏழு மணிக்கு வைத்தியலிங்கம் பூவை விலக்கிவிட்டு லேப்டாப்பை

அதற்கு மேல் அந்த வாக்கியம் நகரவில்லை. எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. அக்காவின் நாற்று பெரிதா, உம் பிடிவாதம் பெரிதா? ஆனால் யோசித்துப் பார்த்தேன். வருடத்தில் ஒரு நாள் தன் கருவியைக் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கிற மனிதர் அவர். அவரை மாற்றி எழுதினால் கதை வேகமாக ஓடும். ஆனால் அதில் ஓடுகிறவர் வேறு யாரோவாக இருப்பார். விட்டுவிட்டேன்.

ஆக, விஜயதசமி. மூன்றரைக்கு எழுந்து குளித்தார். கற்பூரம் காட்டினார். அன்றைக்கு முதலில் எதையாவது எழுத வேண்டும், படிக்க வேண்டும் என்பது வழக்கம். குழந்தைகளுக்கு நெல்லில் எழுத்துப் பழக்குகிற நாள். வைத்தியலிங்கம் சாமி படத்துக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆறு நூலகங்களையும் பிரித்துக் கொட்டி, புரோகிராமோடு கலந்து வைத்தார். அப்புறம் மேனிஃபெஸ்டை எழுதினார்.

"இந்தத் தடவை சீட்டுல ஒரே வரிதாங்கம்மா" என்று பஸ்ஸில் விரலைத் தூக்கிக் காட்டினார். "எங்க ஆரம்பிக்கணும்னு மட்டும். மத்ததெல்லாம் உள்ளயே இருக்கே. கடைசி எழுத்தை அடிச்சேன், அப்படியே சேவ் பண்ணேன், கட்டினேன், பென்டிரைவுல போட்டேன். மணி நாலே முக்கால். பஸ்ஸப் புடிக்க ஓடியாந்தேன்."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"எடிட்டர்ல, எழுதுற எடத்துலயே, ஓட்டினேன். ஓடுச்சு."

பாபநாசம் வந்துவிட்டது. நான் எழுந்தேன். கும்பகோணத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்து, ஏழு மணிக்கு ஊர் போய்விடுவேன் என்றார்.

"நல்லபடியா வரும்" என்றேன்.

"உங்க வாய் முகூர்த்தம்மா" என்று மறுபடியும் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான்.

7

இந்த ஆறு பகுதிகளையும் எழுதி, எதிர் வீட்டு பர்வினிடம் கொடுத்தேன். பர்வின் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள்; அதுவும் ஜாவாதான். தப்புத் தப்பாக எழுதி, விஷயம் தெரிந்தவர்கள் படித்துச் சிரித்தால் என்ன செய்வது என்று ஒரு முன்னெச்சரிக்கை.

நின்றபடியே படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். மூட்டை கட்டித் தர இப்போது கருவிகள் இருக்கின்றன, ஒரு சொடுக்கில் முடிந்துவிடும், கையால் யார் கட்டுகிறார்கள் என்றாள். ஆறாம் பகுதியின் கடைசிக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, கடைசி எழுத்து அடிச்சதும் அப்படியே சேவ் பண்ணேன்னா சொன்னாரு?"

"ஆமா. அதே வார்த்தை."

"என்டர் தட்டலையா?"

"என்ன என்டர்?"

"மேனிஃபெஸ்ட்டைக் கையால எழுதினா கடைசி வரிக்கு அப்புறம் ஒரு என்டர் தட்டணும். கீழ ஒரு காலி வரி இருக்கணும். இல்லேன்னா அந்தக் கடைசி வரியை ஜாவா படிக்காது. இவரு எழுதுனதே ஒரு வரிதானே?" அவள் தாளைக் கீழே வைத்தாள். "அப்ப ஒண்ணுமே எழுதாத மாதிரி."

தாளை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தேன். எடிட்டரில் ஓட்டினேன் என்றாரே, அங்கே சீட்டே தேவையில்லையாம். அதனால் ஓடியதில் அதிசயமில்லை. நான் "நல்லபடியா வரும்" என்று வாய் முகூர்த்தம் சொல்லி அனுப்பிய மனிதர், சட்டைப் பையில் ஓடாத ஒன்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் பக்கம் பதினேழு நாள் நாற்று. இந்தப் பக்கம் ஒரு என்டர். போன் நம்பரை ஏன் கேட்காமல் விட்டேன் என்று என்னையே நொந்துகொண்டேன். இருந்திருந்தால்கூட என்ன செய்திருப்பேன், விஜயதசமி போய் மூன்று வாரமாயிற்று.

"ஒருவேளை தட்டியிருப்பாரு ஆன்ட்டி. சொல்ல மறந்திருப்பாரு" என்றாள் பர்வின், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

ஒருவேளை.

8

இனி வருவது முழுக்க என்னுடையது.

காலை ஏழே கால். குழு அலுவலக வாசலில் வாழைக்கன்று கட்டிய நடவு மிஷின் நிற்கிறது. பத்துப் பதினைந்து பேர் கூடியிருக்கிறார்கள். வைத்தியலிங்கம் பென்டிரைவைப் பூர்ணிமாவிடம் கொடுத்துவிட்டு, பேசிவைத்தபடி வெளியிலேயே, நாற்றுத் தட்டுகள் அடுக்கிவைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அமிர்தம் கொஞ்சம் தள்ளி நிற்கிறார். தம்பி பக்கத்தில் நின்றால் யாராவது ஏதாவது சொல்வார்கள்.

ஜன்னல் வழியாகப் பூர்ணிமாவின் குரல்.

"சார், நோ மெயின் மேனிஃபெஸ்ட் அட்ரிப்யூட். மொத நாள் வந்த அதே வரி சார்."

துரைராசு எதுவும் நக்கலாகச் சொல்லவில்லை. அதுதான் வைத்தியலிங்கத்துக்கு அதிகமாக வலித்தது. "டீ சொல்லியிருக்கேன். எல்லாரும் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாருங்க வாத்தியாரே. அப்புறம் நான் எறங்கணும். மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

இந்த இடத்தில் என் கையில் மூன்று வழி இருந்தது.

ஒன்று: அவருக்குப் பிடிபடவில்லை. டீ தீர்ந்தது, மிஷின் கிளம்பியது, சத்தமாகக் கூப்பிட்டவர் வயலுக்கு. (எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அமிர்தத்தின் இடுப்பில் இன்னும் அந்தச் சோதனைத் தாள் இருக்கிறது. என்னால் முடியாது.)

இரண்டு: துரைராசு மனம் இளகி, 'பரவாயில்ல, உங்க லேப்டாப்புலயே போடுங்க' என்கிறார். (பர்வினுக்குப் பிடித்தது இதுதான். ஆனால் அப்படி வந்த பட்டியலை அடுத்த வாரமே ஊர் சந்தேகப்படும். அதோடு, எழுதியவன் கூடவே வந்து நின்றால்தான் ஓடும் என்றால் அது என்ன புரோகிராம்? அது என்ன கதை?)

மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். எழுதுகிறவளுக்கு ஒரு சலுகை உண்டு. ஒரே ஒரு பொருளைக் கதைக்குள் கொண்டுவந்து வைக்கலாம். நான் வைத்தியலிங்கத்துக்கு ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வியை வைத்தேன்.

அவர் ஜன்னல் வழியாகப் பென்டிரைவைத் திரும்ப வாங்கி, லேப்டாப்பை நாற்றுத் தட்டுகளின் மேல் வைத்துத் திறந்தார். மேனிஃபெஸ்டைத் திறந்தார். ஒரே வரி. எழுத்துப் பிழை இல்லை. மூன்று முறை படித்தார். டீ வந்துவிட்டது. டம்ளர்கள் கை மாறுகிற சத்தம். அமிர்தம் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து தட்டு ஓரத்தில் வைத்தார்.

"சூடா இருக்கு தம்பி. மெதுவாக் குடி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மெதுவா" என்றார் இன்னொரு முறை.

வைத்தியலிங்கத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. விடைத்தாள் திருத்துகிறபோதும் இப்படித்தான், ஒரு டம்ளர் டீ பக்கத்தில் இருக்கும். எத்தனை தாள், எத்தனை வருடம். அலகு ஐந்து, பகுதி அ, இரண்டு மதிப்பெண். மேனிஃபெஸ்ட் கோப்பு எவ்வாறு முடிய வேண்டும்? வருடா வருடம் கேட்பார். பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். சிவப்பு மையில் சுழித்து, 'புதிய வரி எங்கே?' என்று எழுதுவார். இரண்டு மதிப்பெண்ணையும் பிடித்துக்கொள்வார், இரக்கமே காட்டமாட்டார்.

விரலால் என்டரைத் தட்டினார். கர்சர் ஒரு வரி கீழே இறங்கியது; திரையில் வேறு எதுவும் மாறவில்லை. மாறியது தெரியவும் தெரியாது. மறுபடி கட்டினார். இந்தத் தடவை எடிட்டரில் ஓட்டிப் பார்க்கவில்லை. மூட்டையை வேறொரு இடத்துக்கு நகர்த்தி, தனியாக, துணைக்கு எதுவும் இல்லாமல் ஓட்டிப் பார்த்தார். பிறகு பென்டிரைவில் போட்டு, அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக நீட்டினார்.

பூர்ணிமா வாங்கிக்கொண்டாள்.

9

போன வாரம் குடவாசலில் ஒரு கல்யாணம். பாபநாசத்திலிருந்து நான் போகவேண்டிய வழி வேறு. வேண்டுமென்றே வலங்கைமான் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வயல்களையே பார்த்தேன். மிஷின் நட்ட வயல் தெரிந்துவிடும்; வகிடு எடுத்த மாதிரி வரிசை. அப்படிப் பல வயல்கள் இருந்தன. பச்சை பிடித்து, காற்றுக்கு அசைந்துகொண்டு, ஒன்றில்கூடச் சொட்டை இல்லாமல். ஒரு வரப்பில் ஒரு பெண் குனிந்து மடையைத் திருப்பிக்கொண்டிருந்தார். அது அமிர்தம்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் பஸ்ஸிலிருந்து கையை ஆட்டினேன். அவர் நிமிர்ந்து, யார் என்று தெரியாமலே, சேற்றுக் கையைத் தூக்கித் திருப்பி ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து கடைசிப் பகுதியை முடிக்க உட்கார்ந்தேன். பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. அதை எழுதினால் துரைராசு சொன்னது என் விஷயத்திலும் சரியாகிவிடும்: நானும் இப்போது அமிர்தத்துக்கு வேண்டப்பட்டவள். என் கையிலிருந்து வருகிற பட்டியலை யார் நம்புவார்கள்?

ஆகவே, வைத்தியலிங்கம் மாதிரி நானும் வெளியே வந்து உட்கார்ந்துகொள்கிறேன். வேண்டியதெல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிவிட்டேன். எதுவும் பக்கத்து ஃபோல்டரில் இல்லை. கடைசி வரியை எழுதி, கீழே ஒரு காலி வரியும் விடுகிறேன். அது இல்லாவிட்டால் நான் எழுதியது செல்லாது. அதில் எழுத வேண்டியது நீங்கள்; உங்கள் இடத்தில், உங்கள் கையால்.

பூர்ணிமா சொடுக்கினாள். அச்சுப்பொறி ஒரு தாளை உள்ளே இழுத்துக்கொண்டு, வரி வரியாக வெளியே தள்ளியது. துரைராசு டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முதல் பெயரை வாசித்தார்:

________________